ஐந்தாவது பேர்

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால், அது என் வாயை மீறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபி பார்த்த காலம் அது. அவள் அங்கே அட்டெண்டன். நோயாளியைத் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது, தரை துடைப்பது, பிளேன்டீ கொண்டுவருவது எல்லாம் அவள் தலையில்தான். நான் கொழும்பில் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கினவள். அவள் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். இருந்தும் நோயாளிகள் படுத்திருந்த வாட்டில் "பிசியோ மிஸ் எங்க?" என்று கேட்ட வாய்களைவிட "அந்தப் புள்ள எங்க?" என்று கேட்ட வாய்கள்தான் அதிகம். வயிறு எரியுமா, எரியாதா?

ஆள் ஒல்லி. என் இடுப்புப் பட்டி அவளுக்கு இரண்டு சுற்று வரும். ஆனால் நூறு கிலோ மனுஷனைக் கட்டிலில் ஒரே மூச்சில் புரட்டிப் போடுவாள். புரட்டுவதற்கு முன்னால் ஒரு கூத்து நடக்கும். "கொஞ்சம் இருங்க, ஆள் கூப்புட்டுக்கிறேன்" என்பாள். யாரும் வரமாட்டார்கள். தன் தொடையை ஒரு தட்டு, வயிற்றை ஒரு தட்டு, முதுகில் எட்டினமட்டும் ஒரு தட்டு. "எல்லாரும் வந்தாச்சு. தூக்கலாமா?" என்பாள். முதல் நாள் பார்த்தபோது இவளுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் கவனித்துப் பார்த்தால், முழங்கால் மடிந்து, முதுகு நேராக, பாரம் உடம்போடு ஒட்டி, நான் தாதிமாருக்கு வருஷா வருஷம் வகுப்பெடுத்தும் வராத முறை அவளுக்குத் தானாக வந்திருந்தது. நான் பாராட்டவில்லை. ஏன் பாராட்டவேண்டும்?

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம். எதையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஒரு சில்லு ஆடுகிற சக்கர நாற்காலிக்கு நொண்டி மாமா என்று பேர். சுவரில் மாட்டிய இரத்த அழுத்தக் கருவிக்கு ஒரு பேர், கொதிகேத்திலுக்கு ஒரு பேர். நோயாளி வந்து படுத்த அரை மணிக்குள் அவருடைய பேர், பெண்சாதி பேர், வீட்டு நாயின் பேர் வரைக்கும் கேட்டு வைத்துக்கொள்வாள். மறக்கவும் மாட்டாள். ஒரு வருஷம் கழித்து வந்த மனுஷனிடம் "அண்ணே, மணி சொகமா இருக்கா?" என்று நாயைப் பற்றி விசாரித்தாள். அவர் அழாக்குறையாகப் போனார்.

என்னை அவள் "மிஸ்" என்பாள். நான் அவளை "இந்தாம்மா" என்பேன். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

என் அறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. பிரிஸ்டல் போர்ட் அட்டையில் நானே கலர்ப் பென்சிலால் வரைந்தது, மூன்று வகைத் தசை இழையங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். நிழல் விழுந்த இடம், கருக்களின் நீலம், எல்லாம் அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு வருஷமாக ஒரு நோயாளி, ஒரு டாக்டர், ஒருவரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தூசி தட்ட வந்தவள்தான் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"மிஸ், இவங்க மூணு பேரும் யாரு?"

"ஆள் இல்லம்மா, தசை" என்றேன். கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பாடமே நடத்திவிட்டேன். முதலாவது வன்கூட்டுத் தசை. எலும்போடு ஒட்டியிருக்கும். நீண்ட நார்கள், குறுக்கே வரிவரியாக இருக்கும், ஒரு நாருக்குள்ளேயே பல கருக்கள். நாம் நினைத்தால் இயங்கும், சீக்கிரம் களைத்தும் போகும். இரண்டாவது மழமழப்பான தசை. வரி கிடையாது, இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் ஒரே ஒரு கரு. இரைப்பை, குடல், கருப்பை, இரத்தக் குழாய் இவற்றின் சுவரில் இருக்கும். நம் பேச்சைக் கேட்காது. மூன்றாவது இதயத் தசை. வரியும் உண்டு, கிளையும் உண்டு. ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு நிற்கும். அதுவும் நம் பேச்சைக் கேட்காது, ஆனால் சாகிறவரைக்கும் ஓயாது.

அவள் முதல் உருவத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப மொத ஆளு பெரட்டுக்கு வர்றவன்" என்றாள்.

பெரட்டு என்றால் தோட்டத்துச் சனங்களுக்குத் தெரியும். விடிகாலையில் எல்லாரும் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்து களத்தில் கூடி நிற்க, பேர் வாசித்து, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் புல்லு வெட்ட என்று வேலை பிரித்துக் கொடுப்பது. பேர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை.

"இவன் பேரு கூப்புட்டா வருவான் மிஸ். கூப்புடாட்டி லயத்துல படுத்துக் கெடப்பான். ரெண்டாவது ஆளு வீட்டு வேல. சோறாக்குறது, தண்ணி தூக்குறது, புள்ள பாக்குறது. அதுக்குப் பெரட்டு கெடையாது, பேரும் கெடையாது. அவசரமும் படாது, நிக்கவும் நிக்காது."

"மூணாவது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "எங்க தாத்தா காலத்துல விடியக்காலம் தப்பு அடிச்சித்தான் ஆள எழுப்புவாங்களாம். இவன் தப்பும் அவனே அடிக்கிறான், மலைக்கு வேலைக்கும் அவனே போறான். வேல வாங்க கங்காணி தேவையில்ல."

இதயத் துடிப்பு இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது, மூளையோடு உள்ள தொடர்பு அறுந்துபோனாலும் அது கொஞ்ச நேரம் தன்பாட்டுக்கு அடிக்கும் என்பதை எங்கள் விரிவுரையாளர் ஒன்றரை மணி நேரம் விளக்கினார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. தூசித் துணியோடு நின்றவளிடம்தான் புரிந்தது. அந்த இடத்திலேயே எனக்குள் ஏதோ கடித்தது. "சரி சரி, அலுமாரிக்கு மேல தொட" என்று அனுப்பிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் அப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தோள்வலியோடு வந்தார். இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்த தோள். நான் மூன்று தடவை விளக்கினேன், எந்தத் தசை எந்தத் தசைக்கு எதிராக வேலை செய்கிறது, எதை ஓய்வாக வைக்கவேண்டும், எதைப் பலப்படுத்தவேண்டும் என்று. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் "சரிங்க மிஸ்" என்றார். அவர் வெளியே போனதும் திரைக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"அம்மாயி, தசைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும். தள்ளத் தெரியாது. இந்தப் பக்கம் ஒருத்தன் இழுத்தா, அந்தப் பக்கத்துல உள்ளவன் விட்டுக் குடுக்கணும். நீங்க இருவத்தாறு வருசமா ஒரே ஆளயே வேலைக்குக் கூப்புட்டிருக்கீங்க. அவன் என்ன செய்வான்? படுத்துட்டான். பின்னால ரெண்டு பேரு சும்மா ஒக்காந்திருக்கான். மிஸ் காட்டுற வேலையெல்லாம் அவனுங்கள எழுப்பத்தான்."

"இத ஏன் ஆயி அந்தப் பொண்ணு சொல்லல?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மிஸ் சொன்னதத்தான் நானும் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருடியிருந்தால்கூடச் சண்டை பிடித்திருக்கலாம். அவள் எல்லாப் பெருமையையும் எனக்கே கொடுத்துவிட்டு, ஆட்களை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பிடும்போதும் விடமாட்டாள். மத்தியானம் பாணைப் பிய்த்துச் சம்பல் தொட்டு வாயில் வைத்துக்கொண்டே, "மிஸ், மெல்லுறது நம்ம. முழுங்குற வரைக்கும்தான் நம்ம பேச்சு செல்லும். தொண்டைய தாண்டிட்டா அது வீட்டுக்காரிங்க பாடு. நம்மள உள்ள விடமாட்டாளுங்க" என்பாள். தாதிமார் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அது அப்பட்டமான உண்மை. உணவுக் குழாயின் மேல்பகுதியில் ஒரு தசை, கீழ்ப்பகுதியில் வேறு தசை.

இன்னொன்றும் சொன்னாள். சின்ன வேலைக்குக் கொஞ்சம் பேரை மட்டும் கூப்பிடுமாம் உடம்பு, பெரிய வேலைக்கு மொத்த மலையையும் கூப்பிடுமாம். கூப்பிட்டவன் முழுசாகத்தான் வேலை செய்வான், பாதி வேலை செய்கிறவன் அங்கே கிடையாது. நார் ஒன்று சுருங்கினால் முழுதாகச் சுருங்கும், இல்லாவிட்டால் சுருங்கவே சுருங்காது என்பதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். அதற்கும் பாதிப் புள்ளிதான் கிடைத்தது.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள்தான் அவளிடம் கிறுக்குப் பிடித்துத் திரிந்தார்கள். அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். செத்த காலுக்கு, கைக்கு, ஒவ்வொரு விரலுக்கும் தெரிந்த ஆட்களின் பேரை வைக்கச் சொல்லுவாள். காலை ஆறரைக்குப் பெரட்டு. வாட்டில் நாலு பேர் தங்கள் கைகால்களைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பசறைப் பக்கத்து லொறி டிரைவர் ஒருவர் தன் முழங்காலுக்கு "சாந்தி" என்று வைத்திருந்தார். கஞ்சிப் போத்தலோடு உள்ளே வந்த பெண்சாதி, "சாந்தி, எந்திரி சாந்தி, எனக்காக ஒருக்கா எந்திரி" என்று புருஷன் கெஞ்சுவதைக் கேட்டுவிட்டுப் போத்தலை அப்படியே கீழே போட்டார். அது தன் பள்ளிக்கூடத்து வலைப்பந்துக் கோஷ்டித் தலைவியின் பேர் என்று டிரைவர் சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அந்த அமளியில் முழங்கால் நிசமாகவே மடங்கியது. ஆஸ்பத்திரியே சிரித்தது.

அந்த வருஷக் கடைசியில் அப்பா விழுந்தார்.

அம்மா போனபிறகு அப்பாவும் நானும்தான். அப்பா அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பெரட்டில் பேர் வாசிக்கிற ஐயா. அதிகம் பேசமாட்டார். என்னைக் கொழும்புக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பட்டத்தைக் கொண்டுவந்து காட்டியபோது வாசித்துப் பார்த்துவிட்டு "பத்தரமா வை புள்ள" என்றார். அவ்வளவுதான். நான் அந்த "புள்ள"யை வைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

வலது பக்கம் முழுதாக இழுத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபத்தைத் தாண்டியதும் எங்கள் இடத்துக்கே கொண்டுவந்தேன். என் அப்பா, என் படிப்பு, என் கை. வேறு யார் பார்ப்பது? கால் மெதுவாக வந்தது. கை மட்டும் முட்டியாக மூடிக்கொண்டு திறக்கமாட்டேன் என்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, தசையில கோளாறு இல்ல. மூளையிலேருந்து வர்ற கட்டளதான்…" என்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். "பாடம் எடுக்காத புள்ள" என்பார், குழறிக் குழறி. விரலை நான் நீட்டிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகள் கையில் குழந்தையாகக் கிடப்பது அவருக்கு வெட்கம். அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் வலித்தது.

ஆறாம் நாள் நான் உள்ளே போனபோது அவள் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா என்ன வேல பாத்தீங்க?"

"கணக்க… பிள்ள."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். "பெரட்டுல பேரு கூப்புட்ட ஐயாவா? பொறகென்ன கவல! கையில உள்ளவனுங்க யாரும் சாகல ஐயா. லயத்துலதான் படுத்துக் கெடக்கானுங்க. நடுவுல இருந்த கங்காணிதான் விழுந்துட்டான். நீங்களே கூப்புடுங்க. ரொம்ப நாள் கூப்புடாம விட்டா மெலிஞ்சி போயிருவானுங்க."

அப்பா சிரித்தார். ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. விழுந்தபிறகு முதல் சிரிப்பு அது. ஐந்து நாள் தலைகீழாக நின்றும் நான் பார்க்காத சிரிப்பு.

மறுநாளிலிருந்து ஆறரைக்கு அப்பாவின் பெரட்டு. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். சுண்டுவிரல் காத்தாயி, மோதிரவிரல் ராக்கு, நடுவிரல் நெட்டைப் பெருமாள், ஆள்காட்டி முனியாண்டி. எல்லாம் அவருடைய பழைய ஆட்கள். அப்பா கூப்பிட, அவளும் சேர்ந்து உரக்கக் கூப்பிடுவாள். "முனியாண்டி! இன்னிக்கு வரல ஐயா. நாளைக்கு வருவான், விடுங்க."

ஐந்தாவது கட்டை விரல். அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அப்பா தனியாக, மெதுவாக முணுமுணுப்பார். அது என்ன பேர் என்று கதவில் காதை வைத்துக் கேட்டும் பிடிபடவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவள் கூடச் சேர்ந்து கூப்பிடாத பேர், அப்பா சத்தமாகச் சொல்லக் கூச்சப்படுகிற பேர், வேறு யாருடையதாக இருக்கும்? மிஸ்ஸுடைய பேரை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? கட்டை விரல் இல்லாவிட்டால் மற்ற நாலும் எதையும் பிடிக்காது, அப்பா அந்த விரலை எனக்கு வைத்திருக்கிறார். அந்த நினைப்பில்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தேன்.

பதினாறாம் நாள் நடுவிரல் வந்தது. "பெருமாள்!" என்று அப்பா கூப்பிட, அந்த விரல் மட்டும் நடுங்கி நடுங்கி உள்ளங்கையை விட்டு எழுந்தது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பா அழுதுகொண்டிருந்தார். நல்ல கையை, இடது கையை, உயர்த்தி அவள் தலையில் வைத்திருந்தார்.

"தாயி" என்றார். "என்னயப் பெத்த தாயி."

நான் அறையின் நடுவில் நின்றேன். அந்தக் கை என் தலையில் ஒரு நாளும் பட்டதில்லை. பரீட்சை பாஸானபோது இல்லை, அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கும் இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "மிஸ், பெருமாள் வந்துட்டான்!" என்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் நிர்வாகிக்குக் கடிதம் எழுதினேன். தகுதியில்லாத ஊழியர் சிகிச்சை அளிக்கிறார், நோயாளிகளை வைத்து வேடிக்கை காட்டுகிறார், நாளைக்கு ஒரு விபரீதம் நடந்தால் யார் பொறுப்பு? சட்டப்படி பார்த்தால் ஒரு வரியிலும் பொய் இல்லை. எழுதிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அவள் பேர் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்திருக்கிறோம். முன் மேசைக் கிளாக்கரிடம் போய்க் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன்.

அவளைப் பின்கட்டுக்கு, துணி வெளுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். கடிதத்தை அவள் முன்னாலேயே வாசித்தார்களாம். கிளாக்கர்தான் வந்து சொன்னார். அவள் அழவில்லை, மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"என் பேர மிஸ்ஸே எழுதினாங்களா?"

இரண்டு வாரத்தில் அவள் கொழும்பில் ஒரு வீட்டுக்கு நோயாளி பார்க்கிற வேலைக்குப் போய்விட்டாள். போகிற அன்று என் அறை வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மிஸ், ஐயாவ காலையில கூப்புட வைங்க. விட்டுறாதீங்க. ஒரு வாரம் விட்டா திரும்ப மொதல்லேருந்து."

"ம்" என்றேன். தலையைத் தூக்கவில்லை. அவள் போகும்போது என் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றது மட்டும் கண்ணோரத்தில் தெரிந்தது.

அப்பாவுக்கு நான் அவள் லீவு என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் தினமும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார், பெரட்டையும் நிறுத்தினார். ஒரு வாரத்தில் பெருமாள் மறுபடி உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். என் மின்தூண்டல் கருவி, மெழுகு ஒத்தடம், நாலு வருஷப் படிப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தக் கையில் கொட்டிப் பார்த்தேன். முட்டி திறக்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சோறும் பாதி சோறுதான். இப்படியே விட்டால் கை மட்டுமில்லை, ஆளே போய்விடுவார் என்று பயம் வந்துவிட்டது.

ஒரு காலையில் வெட்கத்தை விட்டு ஆறரைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் கூப்புடுறேன். நீங்களும் சேந்து கூப்புடுங்க."

நானே தொடங்கினேன். காத்தாயி. ராக்கு. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாறு நாள் போனபிறகு என்னோடு அவர் குரலும் சேர்ந்தது. மூன்றாம் வாரம் பெருமாள் திரும்பி வந்தான். அடுத்த மாதம் முனியாண்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்பா, கட்டை வெரலுக்கு என்ன பேரு?"

அப்பா சொன்னார். குழறல் இல்லாமல், பெரட்டுக்களத்தில் சொல்லுகிற மாதிரித் தெளிவாகச் சொன்னார். நான் என் கையால் ஒரு தடவை எழுதிய பேர். எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாது என்று கிளாக்கரிடம் இரண்டு தடவை கேட்டு எழுதிய அதே பேர். அதனால்தான் அவள் அந்த விரலுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் பேரைத் தானே எப்படிக் கூப்பிடுவாள்?

"ஏம்பா?" என்றேன்.

"கூப்புட்டா வர்ற ஆளா வேணும்ல" என்றார் அப்பா. "அவ எந்நேரம் கூப்புட்டாலும் வந்துருவா."

இது நடந்து ஏழு வருஷமாகிறது. அப்பாவுக்கு எழுபத்தொன்பது. வலது கையால் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிறார், சட்டைப் பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொள்கிறார். ராத்திரியில் கை இறுகிவிடும், காலையில் பெரட்டு வைத்தால்தான் திறக்கும். நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வேறு இடம் வந்துவிட்டேன். படத்தையும் கழற்றிக்கொண்டு வந்தேன், மாட்டவில்லை. கிளாக்கரிடம் கேட்டு அவள் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். இன்றுவரைக்கும் அழுத்தவில்லை. ஆனால் தினமும் காலை ஆறரைக்கு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், என் வீட்டில், என் அப்பாவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்துகொண்டு. அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை எழுதினது போதும்.

போன மாதம் ஒரு காலை. வெளியே ஒரே பனி, எதிர் வீடுகூடத் தெரியவில்லை. அப்பா நல்ல முசுப்பாத்தியில், உற்சாகமாக இருந்தார். காத்தாயி வந்தாள், ராக்கு வந்தாள், பெருமாள் வந்தான், முனியாண்டி வந்தான். அடுத்தது கட்டை விரல். என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை, இத்தனை வருஷம் கழித்து, நான் என் பேரைக் கூப்பிட்டேன்.

விரல் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கேலியும் இல்லை. முப்பத்தொரு வருஷம் பேர் வாசித்த குரலில் சொன்னார்.

"அந்தப் பேருல இங்க ஆள் இல்ல புள்ள."

கோப்பையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நான் அவள் பேரைக் கூப்பிட்டேன். கட்டை விரல் எழுந்து வந்தது.